இலையும் நுகமும்

புனித அருளானந்தர் 1680-களின் இறுதியில், மதுரை மறைப்பணித் தளத்தின் தேவைகளை எடுத்துரைக்கும் பொறுப்பேற்று ஐரோப்பாவுக்குச் சென்றார். மறவர் நாட்டில் சித்திரவதைகளைத் தாங்கி உயிர் தப்பிய உடலோடு, தாம் பிறந்த லிஸ்பன் நகரில் அவர் மீண்டும் கால் வைத்தபோது, அங்கு அரியணையில் இருந்தவர் அவருடைய இளமைத் தோழரான இரண்டாம் பேதுரு மன்னர். சிறுவனாக அரண்மனையில் பணிவிடை செய்து, அந்த இளவரசரோடு வளர்ந்தவர் நம் புனிதர். ஆகவே விருந்துக்குக் குறைவிருக்க வழியில்லை. ஆயினும் தமிழ் மண்ணில் மேற்கொண்ட துறவு உணவை அவர் அங்கும் விடவில்லை. இறைச்சியை விலக்கி, காயும் கீரையும் உண்டு, தரையில் படுத்து உறங்கினார் என அவரது வரலாறு கூறுகிறது. மன்னர் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690-இல் கப்பலேறி இந்தியா திரும்பிவிட்டார்.

மூன்றாண்டுகள் கூட நிறையவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டார். 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அந்த ஓரியூருக்கு நம்முள் பலர் சென்றிருக்கிறோம். அவரது குருதி படிந்ததென்று மக்கள் நம்பும் செம்மணலை முடிந்து கொண்டு வந்திருக்கிறோம். அங்கே முடி இறக்குவோரையும், நேர்ச்சை ஆட்டுக்கு மாலை சூட்டி இழுத்து வருவோரையும், மர நிழலில் கல் கூட்டி அடுப்பு மூட்டிக் கறி சமைத்து வந்தோர்க்கெல்லாம் பரிமாறுவோரையும் கண்டிருக்கிறோம். மன்னரின் அரண்மனையிலும் இறைச்சியைத் தொடாத ஒருவரின் பெயரால் ஆடுகள் வெட்டப்படுகின்றன.

இதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. முகம் சுளிப்பவர்களும் உண்டு. நாம் இரண்டையும் செய்யாமல், வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்க விழைகிறோம். வாயில்லா உயிர்களிடம் காட்டும் பரிவு கிறிஸ்தவ விசுவாசத்தின் ஒரு கூறுதானா, அல்லது அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா என்ற கேள்வி, பங்கு மக்களிடையே இப்போது அடிக்கடி எழுகிறது. படித்த இளைஞர் சிலர், அருளானந்தரும் தத்துவ போதகரும் புலால் உண்ணாதவர்கள்தாமே, ஆகவே மதுரை மறைப்பணியின் தொடக்கமே உயிர்நேயம்தான் என்று வாதிடக் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையான வாதம். ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது, அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய இயேசு சபைக் குரு ஏற்கனவே பணியாற்றி வந்தார். 1595 முதல் அங்கிருந்த அவர், வணிகத்துக்காக வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்த்துகீசியரையும் கவனித்து வந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் மதுரை நகரத்தாருள் ஒருவரும் அவர் வழியாகத் திருமறையில் சேரவில்லை. ஏன் என்று நொபிலி ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்த விடை 'பரங்கி' என்ற ஒரே சொல். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், குளிக்காதவன், யாரோடும் கலப்பவன் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தன. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்று மக்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

ஆகவே நொபிலி காவி உடுத்தார். தனி இல்லம் அமைத்தார். பிராமணச் சமையற்காரர் ஒருவரை வைத்து, நாளுக்கு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் பாலும் உண்டார். உரோமையில் உயர்குடியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த உணவு எளிதாக இருந்திருக்காது. அவரது துறவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வாழையிலையில் இறைச்சி இல்லாமற் போனதற்குக் காரணம் ஆட்டின் மீதோ மாட்டின் மீதோ எழுந்த இரக்கம் அன்று. இந்நாட்டில் குருவாக மதிக்கப்படுபவர் எப்படி உண்பாரோ அப்படி உண்ண வேண்டும் என்ற தீர்மானமே அது. அவர் எழுதிய நூல்களிலும், அவர் நடத்திய நீண்ட வழக்காடலிலும் பேசப்பட்டவை பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அளித்த தீர்ப்பும் அவற்றைப் பற்றியதே. அக்கடிதங்களில் பசுவுக்கும் ஆட்டுக்கும் இடமில்லை.

1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற இன்னொரு வகைத் துறவியர் தோன்றினர். பல்தசார் தா கோஸ்தா அடிகளார் அவர்களுள் முதல்வர். பிராமணத் துறவியின் கோலம் பூண்டவர்கள் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைக்குள் நுழைய முடியவில்லை. பண்டார சுவாமிகளோ பல சாதியாரையும் அணுக முடிந்தது. அருளானந்தர் இவ்வழியைத் தேர்ந்தவர். இவர்களும் புலால் நீக்கினர். ஒரே உணவு நெறியை வைத்துக்கொண்டே இரு வகைத் துறவியர் வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இலையில் இருப்பது எது என்பதைவிட, அந்த இலையின் எதிரே யார் அமரலாம் என்பதே அன்றைய சமுதாயத்தின் கேள்வியாக இருந்தது.

இங்கேதான் நம் மனம் சற்றுக் கனக்கிறது. மதுரையைச் சுற்றி யானைமலை, சமணமலை, மாங்குளம், அரிட்டாபட்டி எனக் குன்றுதோறும் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே வெட்டப்பட்ட தமிழ் எழுத்துக்கள் அவற்றுள் சிலவற்றில் உள்ளன. கொல்லாமையை வாழ்வாகக் கொண்டவர்கள் இம்மண்ணில் நடந்திருக்கிறார்கள். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். இது பெருமைக்குரிய மரபு. அதே மண்ணில், புலால் உண்ணாமை என்பது காலப்போக்கில் ஒருவரை உயர்ந்தவர் என்றும் இன்னொருவரைத் தீண்டத்தகாதவர் என்றும் பிரிக்கும் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு சாரார் தலையில் கட்டி, அதைச் செய்ததற்காகவே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். அவர்கள் பதப்படுத்திய தோலால்தான் கமலையின் தோற்பை தைக்கப்பட்டது. அந்தப் பை இறைத்த நீரில்தான் ஊராரின் நெல் விளைந்தது. நெல்லை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்ட கை, தோல் தைத்தவனை வாசலிலேயே நிறுத்தியது. தமிழகக் கத்தோலிக்கருள் மிகப் பெரும் பகுதியினர் அப்படி நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். இறைச்சி உண்ணாதவரே இரக்கமுள்ளவர் என்று மேடையில் பேசும்போது, அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே பரிவின் வரலாற்றை இலையில் தேடிப் பயனில்லை. வேறெங்கு தேடுவது?

விவிலியம் அதை நுகத்தடியில் தேடச் சொல்கிறது. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாள் கட்டளை தரப்படும்போது, மகன், மகள், அடிமை, அந்நியர் ஆகியோரோடு கால்நடையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படுகிறது. அதே நூலின் 23-ஆம் அதிகாரம் ஒரு படி மேலே சென்று, ஏழாம் நாள் ஓய்வின் நோக்கமே மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்பதுதான் என்கிறது. பகைவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடந்தால், பகைவனை ஒதுக்கலாம், கழுதையை ஒதுக்கக் கூடாது. இணைச்சட்ட நூலில் போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடத் தடை உண்டு. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டத் தடை உண்டு. நம் வண்டிக்காரர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உயரம் ஒவ்வாத இரண்டை ஜோடி சேர்த்தால் யாருடைய கழுத்து தேயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சட்டங்களை எழுதிய மக்கள் இறைச்சி உண்டவர்கள். ஆலயத்தில் பலியிட்டவர்கள். அவர்களிடம்தான் கடவுள் மாட்டின் கழுத்தைப் பற்றியும் குருவிக் கூட்டைப் பற்றியும் பேசுகிறார். யோனா நூலின் முடிவு நமக்குப் பெரிதும் பிடித்தமானது. நினிவேயை அழிக்காமல் விட்டதற்காகச் சினங்கொண்டு அமர்ந்திருக்கும் இறைவாக்கினரிடம், அந்நகரில் உள்ள இலட்சத்து இருபதாயிரம் பேரைக் குறிப்பிட்ட ஆண்டவர், அத்துடன் நிறுத்தாமல் அங்குள்ள கால்நடைகளையும் குறிப்பிடுகிறார். அந்தச் சொல்லோடு நூலே முடிந்துவிடுகிறது. ஆண்டவர் இயேசுவும் ஓய்வுநாள் பற்றிய விவாதத்தில், கிணற்றில் விழுந்த மாட்டை யார்தாம் தூக்கிவிடமாட்டார் என்று கேட்டுத் தம் எதிராளிகளை மடக்குகிறார். அந்த இரக்கம் அவர்களிடம் இருப்பதை அவர் பழிக்கவில்லை; அதை மனிதருக்கும் நீட்டச் சொல்கிறார். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் விலையே இல்லாத அதுவும் கடவுளின் நினைவில் இருக்கிறதாம்.

புனித பவுலின் வரி ஒன்று இதற்குத் தடையாகத் தோன்றும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில், வாய்க்கூடு பற்றிய சட்டத்தை எடுத்துக்காட்டி, கடவுளுக்கு மாடுகளைப் பற்றியா கவலை என்று அவர் கேட்கிறார். குருமடத்தில் நாம் பயின்ற நாளில் இதை வைத்து நீண்ட விவாதம் நடந்ததுண்டு. நற்செய்தி அறிவிப்போரின் பிழைப்புக்கு வழக்காடும் பவுல், சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் ரபிகளின் முறையைக் கையாளுகிறார். சிறியதில் அக்கறையே இல்லையென்றால் அந்த வாதம் நிற்காது. ஆயினும் திருச்சபையின் பின்னாளைய இறையியலில் அந்த வரியின் நிழல் நீண்டு விழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை. புனித தோமா அக்குவினாஸ், விலங்கிடம் இரக்கம் காட்டிப் பழகுபவன் மனிதரிடம் இரக்கம் காட்டுவான் என்பதால் மோசேயின் சட்டம் அதைக் கற்பித்தது என்று விளக்கினார். இதில் விலங்கு மனிதனின் பயிற்சிக் களமாக மட்டுமே நிற்கிறது. உண்மையுள்ள விளக்கம்தான், ஆனால் முழுமையானது என்று சொல்ல நம்மால் இயலவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நேராகவே கூறியது. உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் இன்னும் முன்னே சென்று, ஒவ்வோர் உயிரினத்துக்கும் அதற்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்றது.

திருச்சபை சொல்லோடு நின்றுவிடவில்லை, ஒரு முறை தண்டனை விதிக்கவும் துணிந்தது என்பது நம் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1567 நவம்பர் 1 அன்று திருத்தந்தை புனித ஐந்தாம் பத்திநாதர், ஸ்பெயின் முதலிய நாடுகளில் நடந்த காளைச் சண்டைகளைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். அனுமதிக்கும் அரசர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார். களத்தில் இறப்பவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. குருக்கள் வேடிக்கை பார்க்கவும் போகக் கூடாது. லெப்பாந்தோ வெற்றியின் திருத்தந்தை, செபமாலையின் திருத்தந்தை என்றே நாம் அறிந்த அவர் இதையும் செய்தார். அந்த ஆணையின் முதன்மையான கவலை களத்தில் மடியும் மனிதரைப் பற்றியதும், அக்காட்சியைக் கண்டு மகிழும் ஆன்மாக்களைப் பற்றியதும்தான். காளைக்கு அதில் இரண்டாம் இடமே. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு அதை விரும்பவில்லை. 1575-இல் பதின்மூன்றாம் கிரகோரியார் பொதுநிலையினருக்குத் தடையைத் தளர்த்தினார். 1596-இல் எட்டாம் கிளமெந்து ஸ்பெயினில் ஏறத்தாழ முழுவதும் நீக்கிவிட்டார். மக்களின் விளையாட்டு ஒரு புனிதரின் ஆணையைவிட வலிமையாக இருந்தது.

இதை வாசிக்கும் மதுரைக்காரர் எவரும் அவனியாபுரத்தையும் பாலமேட்டையும் அலங்காநல்லூரையும் நினைக்காமல் இரார். நம் ஏறுதழுவலில் காளை கொல்லப்படுவதில்லை, ஸ்பெயினில் கொல்லப்படுகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. புதுக்கோட்டை மாவட்டத்துத் தச்சங்குறிச்சியிலும் ஆவூரிலும் ஆலயத் திருவிழாக்களை ஒட்டி நம் மக்களே வாடிவாசல் அமைக்கிறார்கள் என்பதும் அறிந்ததே. 2006-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடங்கிய வழக்கு, 2009-இன் மாநிலச் சட்டம், 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் விதித்த தடை, 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் திரண்ட இளைஞர், அதைத் தொடர்ந்த திருத்தச் சட்டம், 2023 மே 18 அன்று அச்சட்டம் செல்லும் என அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு எனக் கதை நீண்டது. 2017-இல் நம் இளையோர் பலர் இரவெல்லாம் அமர்ந்திருந்தனர். நாட்டு மாடு அழியக் கூடாது என்ற அவர்களது ஏக்கம் உண்மையானது. புலிக்குளம் மாட்டைக் கிடை போட்டு வளர்ப்போர் வைகைக் கரையில் குறைந்து வருவதைக் கண்டவர்க்கு அது புரியும்.

ஆனால் வழக்கு மன்றத்தில் அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகளும் உண்டு. வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது, மது புகட்டுவது. வீட்டுப் பிள்ளையாய்க் காளையை வளர்ப்பவர் இவற்றைச் செய்யார் என்று ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள், நாமும் நம்புகிறோம். வாடிவாசலின் உட்புறத்தில், கூட்டத்தின் கண்படாத இடத்தில் நிற்பவர் எல்லாரும் வளர்த்தவர்கள் அல்லர் என்பதையும் அதே பெரியவர்கள் மறுக்கமாட்டார்கள். சட்டம் கால்நடை மருத்துவரை அங்கே நிறுத்தியிருக்கிறது. ஆலயத்தின் பெயரால் நடக்கும் இடங்களில் பங்குப் பேரவையினர் ஒருவராவது மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமென்பது நம் கருத்து.

இனி ஓரியூர் ஆட்டுக்கு வருவோம்.

மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல், ஆண்டு 1904. நாட்டிய உலகில் அவர் பெயர் பெரிது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதால் அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அப்படிப் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே தலைவரானார். அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் சமயம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது இச்சட்டத்தின்படி குற்றமாகாது என்று விலக்களிக்கிறது. தமிழகத்தில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950-இலேயே ஒரு தனிச் சட்டம் இருந்தது. உறங்கிக் கிடந்த அதை 2003-இல் அரசு திடீரென எழுப்பியது. சிற்றூர்க் கோவில்களின் எளிய மக்கள் கொதித்தெழவே, 2004-இல் அது நீக்கப்பட்டது. அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. நகரத்து உணவகங்களில் நாள்தோறும் வெட்டப்படும் ஆட்டைப் பற்றிக் கவலைப்படாத சட்டம், ஆண்டுக்கு ஒரு முறை குலசாமிக்குக் கிடா வெட்டும் ஏழையைத் தேடி வந்தது.

நம் திருத்தலங்களின் நேர்ச்சை ஆடும் இந்த ஏழையின் ஆடுதான். ஒரே பலி கிறிஸ்துவின் பலி. ஆட்டின் இரத்தம் எந்தப் பாவத்தையும் போக்காது என்பதை எபிரேயர் திருமுகம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அதை நம் மக்கள் அறிவார்கள். பிள்ளை பிழைத்தது, கடன் தீர்ந்தது, ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று புனிதரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வருகிறார்கள். ஆண்டு முழுவதும் பிறர் வீட்டு விருந்தில் கடைசி வரிசையில் அமர்ந்தவர், அன்று தாமே பரிமாறுகிறார். சாதி பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் அந்தச் சோற்றை இகழ நமக்கு மனம் வரவில்லை. நொபிலியின் தூய இலை எட்டிப் பிடிக்காத ஒன்றை அந்தப் பந்தி செய்கிறது.

நம் வருத்தம் பந்தியைப் பற்றியதன்று. அந்த ஆடு பந்திக்கு வந்து சேரும் வழியைப் பற்றியது. சென்ற ஆண்டுகளில் ஒரு திருவிழாவில் நாம் கண்ட காட்சி: காலை ஆறு மணிக்கு இறக்கிய ஆடுகள், மாலை வெட்டும் வரை கொதிக்கும் தரையில் குறுங்கயிற்றில் நின்றன. தண்ணீர் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று அவற்றின் தலைக்கு மேலேயே அலறிக்கொண்டிருந்தது. கோழிகள் கால் கட்டப்பட்டு, இரு சக்கர வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கி வந்தன. அவற்றைக் கொண்டு வந்தவர் பக்தியில் யாருக்கும் குறைந்தவரல்லர். வெறுங்காலோடு நடந்து வந்திருந்தார். ஒரு வாளித் தண்ணீர் வைத்தபோது ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு குடித்ததைப் பார்த்து, அவரே போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். இறைச்சி உண்பதும் இரக்கமும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அந்த இரண்டாவது வாளி. அவ்வாறு இருக்க வேண்டும் என்றுதான் மோசேயின் சட்டமும் எதிர்பார்த்தது.

உழைக்கும் மாட்டின் கதை வேறு. அது வேகமாக முடிந்துகொண்டிருக்கிறது. மாட்டுத்தாவணி என்று சொன்னால் இன்று பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். தாவணி என்பது கால்நடைச் சந்தை கூடும் இடம் என்பதை நம் பிள்ளைகள் அறியார். நம் தாத்தாமார் ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கூண்டு வண்டி கட்டிப் போனார்கள். வழியில் நிழல் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வைக்கோல் உதறிப் போட்ட பிறகே தங்களுக்கு உலை வைப்பார்கள். யாரும் அவர்களுக்கு இறையியல் கற்பிக்கவில்லை. தார்க்குச்சியின் ஆணியை அரத்தால் மழுக்கி வைத்திருந்த வண்டிக்காரர்களும் உண்டு. அதைக் கூராக்கி வைத்தவர்களும் உண்டு. அந்தக் கால மாடுகள் எல்லாம் கொடுத்து வைத்தவை என்று கதைக்க நாம் முன்வரவில்லை. திமிலுக்கு முன்னே நுகம் தேய்த்த புண்ணில் ஈ மொய்க்க, வேப்பெண்ணெய் கூடத் தடவாமல் பாரம் ஏற்றியதும் அதே காலம்தான்.

ஜனவரி மாதத்தில் நம் நாட்காட்டி இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. 17-ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருவிழா. எகிப்துப் பாலைவனத்துத் துறவியான அவரை ஐரோப்பிய உழவர்கள் கால்நடைகளின் பாதுகாவலராகக் கொண்டாடினார்கள். இடைக்காலத்தில் அவர் பெயரால் அமைந்த துறவு சபையினர் பன்றி வளர்த்து, அதன் கொழுப்பை மருந்தாக்கித் தோல் எரிச்சல் நோயாளிகளைப் பேணினர். அந்தப் பன்றிகள் கழுத்தில் மணியோடு ஊர் முழுவதும் மேய உரிமை பெற்றிருந்தன. அவரது விழாவுக்கு ஓரிரு நாள் முன்பு நமக்கு மாட்டுப் பொங்கல். பல பங்குகளில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, ஆலய முற்றத்துக்கு ஓட்டி வருகிறார்கள். 1984-இல் உரோமை வெளியிட்ட ஆசி நூலில் விலங்குகளுக்கென்று தனிச் சடங்கே உண்டு. ஆகவே இது குருவானவர் மக்களின் ஆசைக்காகச் செய்யும் சலுகை அன்று. திருவழிபாட்டின் ஒரு பகுதி.

மதுரைக்கு மேற்கே நாம் பணியாற்றிய ஒரு பங்கில், புனித நீர் தெளிக்கும் முன் ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் மூக்கணாங்கயிறு நுழையும் இடத்தையும் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினோம். முதல் ஆண்டு சிரித்தார்கள். அடுத்த ஆண்டு, விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே சிலர் கால்நடை மருந்தகத்துக்குப் போய் வந்ததாக அறிந்தோம். மூன்றாம் ஆண்டு, வழக்கமாக முதலில் வந்து நிற்கும் முதியவர் ஒருவர் ஒற்றை மாட்டோடு வந்தார். இன்னொன்று எங்கே என்றோம். "கழுத்துல புண்ணு சாமி. நுகம் வெச்சு பதினஞ்சு நாளாச்சு. இம்புட்டு தூரம் நடத்திக் கூட்டியாற மனசு வரல" என்றார். சடங்கு முடிந்ததும் புனித நீர்க் கிண்ணத்தோடு அவர் பின்னால் நடந்தோம். தொழுவத்தில் அது படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தது. புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தார்.